புள்ளி, கோடு, மூன்று புள்ளி

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. ராணுவத்தில் வயர்லெஸ் செய்தி எழுதும் படிவத்தின் நீலக் கார்பன் பிரதி. இரண்டு வருடமாகத் தாம்பரத்தில் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் இரண்டு வரி. இரண்டாவது வரியில் ஒரு பெண் இறந்துவிடுகிறாள்.

ஆகவே முடிவு தெரியும். தொடக்கம்தான் கிடைக்கவில்லை.

முதல் முயற்சி: "1994 பிப்ரவரியில், சோமாலியாவில் பைதோவா என்ற ஊரில் நான்—"

அடித்துவிட்டேன். 'நான்' என்று போட்டால் பேனா நகரவில்லை. அவனுக்குச் சவுரிமுத்து என்று பெயர் வைக்கிறேன். அவள் அருள்மேரி. இனி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

2

சவுரிமுத்து பி.ஏ. படித்தவன். சேலையூர்க்காரன். ஐ.நா. அமைதிப்படைக்குப் போன இந்தியப் பிரிவில் வயர்லெஸ் ஆபரேட்டர். போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் அந்த ஊர் அவனுக்குப் பழகிவிட்டது. காலையில் அரை வாளித் தண்ணீர். அதில் முகச்சவரம், குளியல், மிச்சத்தில் சாக்ஸ். பூட்ஸைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் காலை நுழைப்பது. உள்ளே தேள் இருக்கலாம். பத்து மணிக்கு முள்கம்பி வேலிக்கு அப்பால் ஒட்டகங்கள் வரிசையாகப் போகும். அவன் டீத் தம்ளரோடு நின்று பார்ப்பான்.

ஜெனரேட்டர் பார்க்கும் பாட்சா படப்பைக்காரன்.

"இன்னா மச்சான், டெய்லி ஒட்டகத்தையே பாத்துகினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?"

"அது நடையப் பாரு பாட்சா. ஒரு அவசரம் இருக்கா?"

"எங்கூருக்கு இட்டாந்து வுடு. பக்ரீத் வரிக்கும்தான் அந்த நடையெல்லாம்."

(இந்த இடத்தில் சிரிக்கலாம். அவன் சிரித்தான்.)

பழகாமல் போனது ஒன்றுதான். டெல்லியில் யாரோ ஒருவன் விரலை அழுத்துகிறான். நடுவில் கடல். கம்பி இல்லை, கப்பல் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு கூடாரத்துக்குள் சவுரிமுத்துவின் பென்சில் அசைகிறது. ஒவ்வொரு காலையும் ஹெட்போனை மாட்டும்போது, கோயிலுக்குள் நுழைகிறவனைப்போல, தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிவிடுவான்.

3

அருள்மேரி என்ற பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நல்லவளாக இருக்கிறாள். நிஜத்தில் அவள் பிடிவாதமும்—

ஒரு காட்சி மட்டும் தருகிறேன். அது உண்மை.

சேலையூர் வாடகை போர்ஷன். ஞாயிற்றுக்கிழமை. அவள் குளியலறையில் இருக்கிறாள். அவன் கதவைத் தட்டுகிறான்.

"மேரி, பூசை ஆரம்பிச்சிடுவாங்க."

"சாமியாருக்கே இல்லாத அவசரம் உங்களுக்கு எதுக்கு?"

மறுபடி தட்டுகிறான். உள்ளேயிருந்து சோப்பு டப்பா பதில் சொல்கிறது: ஒரு தட்டு, கதவில் நீளமாக ஓர் இழுப்பு, மூன்று தட்டு. புள்ளி, கோடு, மூன்று புள்ளி. மோர்ஸ் தந்திக் குறியில் அதற்குப் 'பொறு' என்று பொருள். அவன் முழுதும் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். அவள் இதோடு நிறுத்திக்கொண்டாள்.

"மீதியெல்லாம் உங்க வேலைக்கு. எனக்கு இது ஒண்ணு போதும்."

சோமாலியாவுக்கு அவள் எழுதிய ஒன்பதாவது கடிதம்: "கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன். பயப்படாதீங்க. ஒட்டகத்தைப் பத்தி இன்னும் எழுதுங்க."

அவன் ஒட்டகத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினான்.

4

(ஒரு குறிப்பு. ஆபரேட்டர் செய்தியைப் படிப்பதில்லை. காதில் விழும் எழுத்தை ஒவ்வொன்றாகத் தாளில் போடுவான். பொருளைக் கவனித்தால் அடுத்த எழுத்து தவறிவிடும். அதனால் கவனிக்காமலிருக்கப் பயிற்சி தருகிறார்கள். செய்தி முடிந்ததும் 'கிடைத்தது' என்று ஒலி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் தாளில் இருப்பது அவன் கண்ணுக்குச் செய்தியாகத் தெரியும். சவுரிமுத்து நல்ல ஆபரேட்டர்.)

காலை பத்து பத்து. ஒட்டகங்கள் போய்க்கொண்டிருந்தன. செய்தி வந்தது. எழுதினான். 'கிடைத்தது' என்று அனுப்பினான். தாளை ஆபீசுக்கு எடுத்துப்போகப் பாட்சாவிடம் நீட்டினான்.

பாட்சா வாங்கிப் பார்த்தான். நகரவில்லை.

"மச்சான்... இது உன் ஆர்மி நம்பராச்சே."

சவுரிமுத்து தாளைத் திரும்ப வாங்கினான். முதலில் அவன் பார்த்தது செய்தியை அல்ல, கையெழுத்தை. அவனுடைய கையெழுத்து. அடித்தல் இல்லை, நடுக்கம் இல்லை. அவள் இறந்துவிட்டாள் என்று அவனே எழுதியிருந்தான். கிடைத்தது என்றும் சொல்லிவிட்டான்.

கடலைத் தாண்டி அவ்வளவு பெரிய செய்தி வந்து, அவன் உடம்பு வழியாகவே தாளுக்கு இறங்கியிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. சர்ச்சில் மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலிட, ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருப்பானே, அப்படி நின்றான்.

5

முடிவு ஒன்று: நான்கு நாள் கழித்து மீனம்பாக்கத்தில் இறங்கினே— இறங்கினான். கல்லறையில் மண் காய்ந்திருந்தது. (நடந்தது இதுதான். இதற்குமேல் எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: புழுதிக் காற்று. ஹெட்போனில் இரைச்சல். செய்தி பாதியில் சிதறிவிடுகிறது. (பொய். அன்று வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.)

முடிவு மூன்று: நான்காம் பகுதிக்குத் திரும்புகிறேன். பத்து பத்து. அவனுடைய நம்பர் வருகிறது; இந்த முறை கவனித்துவிடுகிறான். மோசமான ஆபரேட்டர். அவன் பெயர் வருகிறது. முதல் வரி முடிகிறது. பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். 'பொறு' என்று அனுப்ப ஆபரேட்டருக்கு உரிமை உண்டு. அந்த ஒலி கேட்டால் எதிர்முனை காத்திருந்தே ஆக வேண்டும். எவ்வளவு நேரம் என்று விதியில் இல்லை.

எதிர்முனையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டாவது வரி உங்கள் கையில். அனுப்பினால் அவன் பிழையில்லாமல் எழுதிக்கொள்வான். அது அவன் தொழில்.

அனுப்பாதவரை, சேலையூரில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தண்ணீர் விழுகிறது. வெளியே நிற்கிறவனுக்குப் பூசைக்கு நேரமாகிவிட்டது. கதவைத் தட்டுகிறான்—

. — . . .