வாய் கொப்பளிக்கும் பாட்டில்

பயணி ஒருவரின் அறையில் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முழங்கை பட்டு மவுத்வாஷ் பாட்டில் சாய்ந்தது. மூடியை யாரோ ஒப்புக்குத் திருகி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பச்சைத் தண்ணீர் அவனுடைய சட்டைக் கையிலும் கால்சட்டையிலும் கொட்டியது. பாட்டில் தரையில் உருண்டு கழிப்பறைப் பக்கம் போய் நின்றது. கப்பல் அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டம் ஆடியதும் ஒரு காரணம்தான். ஆனால் கப்பல்மேல் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

கப்பலில் அவனை எல்லாரும் மடிப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் விரித்த படுக்கையில், விரிப்பின் மூலையில்கூட ஒரு சுருக்கம் இருக்காது. துண்டை மடித்து அன்னமும் முயலும் செய்து தலையணைமேல் உட்கார வைப்பான். சொந்தப் பெயரை மனைவி மட்டும்தான் சொல்வாள், அதுவும் கோபம் வந்தால்.

பாட்டிலை எடுத்துப் பார்த்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னொருத்தர் வாயில் வைக்கிற பொருள், கழிப்பறைத் தரையில் உருண்டது. மனசு கேட்கவில்லை. மிச்சத்தையும் கொட்டி, சுடுதண்ணீர் விட்டு இரண்டு மூன்று தரம் அலசிக் கவிழ்த்து வைத்தான். தரையைத் துடைத்தான். சட்டையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தான். மாற்றுச் சட்டை சலவைக்குப் போயிருந்தது.

வாசனை எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கப்பல் புறப்பட்டதிலிருந்தே சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பயணிகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பது விதி. வேலை செய்யாத ஆளுக்கு அன்பளிப்பும் கிடையாது, நல்ல பெயரும் கிடையாது. இந்தப் பயணம் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. அதை நம்பித்தான் மகளை நல்ல பள்ளிக்கூடம் என்று பேர் வாங்கிய இடத்தில் சேர்த்திருந்தார்கள். அதனால் தும்மலை எல்லாம் தலையணை உறைக்குள் தும்மிவிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் கீழ்த்தளத்துக்கு ஓடி, ஊழியர் கடையில் அதே கம்பெனி மவுத்வாஷ் வாங்கினான். பழைய பாட்டிலில் பழைய அளவுக்கே ஊற்றி, பழைய இடத்திலேயே, பெயர் வெளியே தெரியும்படி வைத்தான். அன்றைக்கு அந்த அறையில் துண்டு மயிலாக உட்கார்ந்தது. செய்த தப்புக்கு ஒரு சின்னப் பரிகாரம்.

பொழுது சாயும் நேரத்தில் நடைபாதையில் துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனை அந்த அறைக்காரர் மறித்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம். பின்னால் கதவருகே அவர் மனைவி நின்றாள்.

"பாத்ரூம்ல இருந்த என் பாட்டில்ல கை வச்சது யாரு?"

"நான்தாங்க சார். தெரியாமத் தட்டிவிட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. ஆனா அதே கம்பெனி புதுசு வாங்கி ஊத்தி வச்சுட்டேன். ஒரு சொட்டு குறையாது."

அவர் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மடிப்பின் சட்டைக் கையருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷன், பெரிதுபடுத்தவில்லை என்று மடிப்பு நினைத்தான். நெஞ்சு லேசானது.

சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சலவைக்காரர் தட்டை வைப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார். அவனுடைய அறைத்தோழர், ஊரார் அழுக்கை எல்லாம் முகர்ந்து பழகியவர்.

"ஏன்டா மடிப்பு, எங்கேடா போய்க் குளிச்சுட்டு வந்தே? ரம் வாடை குப்புன்னு அடிக்குது."

"சும்மா இருங்கண்ணே. மவுத்வாஷ் கொட்டிடுச்சு."

"மவுத்வாஷா?" சட்டைக் கையை இழுத்து மறுபடி முகர்ந்தார். "அடப்பாவி, பச்சைக் கலர் போட்டுக் கொண்டாந்த சரக்குடா இது. ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில்தான் கையில கொண்டு வரலாம், மத்ததெல்லாம் கப்பல் கடையில குடிச்சுக்கணும்னு சட்டம் போட்டா, ஜனங்க இப்படித்தான் வாய் கொப்பளிக்கக் கிளம்பும். ஷாம்பு டப்பாவுலகூட வரும்." தோள் குலுங்கச் சிரித்தார். "அதுல நெசமான மவுத்வாஷை ஊத்தி வச்சியா நீ? அவன் நாலு பேருக்கு முன்னாடி மடக்குன்னு குடிச்சிருப்பானே."

மடிப்புக்கும் சிரிப்பு வந்தது. சலவைக்காரர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "சட்டையக் கழட்டிக் குடு. இப்பவே துவைச்சுடறேன். நம்ம ஆளுங்க மேல இந்த வாடை அடிச்சா..."

முதல் பொத்தானைக் கழற்றும்போதே ஒலிபெருக்கியில் அவனுடைய ஊழியர் எண் கேட்டது.

பாதுகாப்பு அதிகாரியின் அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அவனை உட்காரச் சொல்லவில்லை. குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள். மூக்கடைப்போடு ஊதியதில் இருமல் வந்தது. கருவி பூஜ்யம் காட்டியது.

"குடிக்கலை. அது சரி," என்றார் அதிகாரி. அவர் கத்துகிற ஆள் இல்லை. "ஆனா சட்டையில வாடை இருக்கு. உங்கிட்ட சரக்கு இருந்திருக்கு. அறைக்காரரே புகார் குடுத்திருக்கார், வேலை செய்யற ஆள் மேல மது வாடை வருதுன்னு. வச்சிருந்தாலும் தப்புதான், தெரியுமில்ல?"

"சார், அது அவரு கொண்டாந்தது. மவுத்வாஷ் பாட்டில்ல இருந்துச்சு. தவறிப் போய்க் கொட்டிடுச்சு."

"பாட்டில்ல இருந்தது மதுன்னு பார்த்ததும் ஏன் சொல்லலை?"

"அப்போ தெரியலைங்க. சளி. மூக்கு அடைச்சிருக்கு."

"சளியா? மருத்துவர்கிட்ட காட்டினியா?"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அவனுடைய தும்மலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தவள் அவள்தான்.

"மூக்கு அடைச்ச ஆளுக்கு அது மதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சலவைக்கார அண்ணன் சட்டையை மோந்து பாத்துச் சொன்னாருங்க."

"சட்டையில வாடை இருக்குன்னு நானும்தான் சொல்றேன்." அதிகாரி எழுந்தார். "வா, பாட்டிலையே பார்த்துடுவோம்."

அறைக்காரர் மரியாதையாகக் கதவைத் திறந்தார். பாட்டில் வைத்த இடத்திலேயே, பெயர் வெளியே தெரியும்படி நின்றது. அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு பாட்டிலை மடிப்பிடம் நீட்டினார். அவனும் வாங்கி முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருப்பது அவன் கைக்காசில் வாங்கி அவனே ஊற்றிய மவுத்வாஷ். மதுவுக்குச் சாட்சியாக மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சத்தையும் சுடுதண்ணீர் விட்டு அலசியவனும் அவனேதான். அது உறைத்தபோது அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன்மேலேயே வந்த ஆத்திரம்.

"சார், அம்மாவைக் கேளுங்க," என்றான். "அம்மாவுக்குத் தெரியும்."

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். பிறகு பால்கனிப் பக்கம் திரும்பினாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள், மெதுவாக.

அறைக்காரர் பெரிய மனசு பண்ணினார். சின்ன ஆள், குடும்பம் குட்டி இருக்கும், இறக்கிவிட வேண்டாம் என்று அவரே சிபாரிசு செய்தார். அதனால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவில்லை. பயணம் முடியும் வரை வேலை பார்க்கலாம், அதற்குப் பிறகு ஒப்பந்தம் கிடையாது என்று முடிவானது. சூப்பர்வைசரம்மா அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பேசினான்.

"குரல் என்ன இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. "அழுதீங்களா?"

"சளிடி."

"ஆவி பிடிங்கன்னா கேக்கறதில்ல. உங்க பொண்ணு புது யூனிபார்ம் போட்டுக்கிட்டுக் கழட்ட மாட்டேங்கறா. லீவு நாள்லயும் அதையே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. பேசறீங்களா?"

"வேலைக்குக் கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்." யாரும் கூப்பிடவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை மதுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளி வாளியில் பனிக்கட்டிக்கு நடுவே ஒரு ஒயின் பாட்டில், இரண்டு கண்ணாடிக் கோப்பை. விருந்தாளிக்கு ஏற்பட்ட மனக்கஷ்டத்துக்கு வருந்தி, கப்பல் நிர்வாகத்தின் அன்பளிப்பு. எந்த அறை என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நடைபாதை அவனுடையது. அவன்தான் கொண்டுபோக வேண்டும்.

துவைத்துத் தேய்த்த சட்டையில், வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். அறைக்காரர் பால்கனியில் இருந்தார். மடிப்பு மேசைமேல் வாளியை வைத்தான். பாட்டிலின் ஈரத்தைத் துடைத்து, லேபிளை அவருக்குக் காட்டி, தக்கையைச் சத்தமில்லாமல் எடுத்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி முதலில் அம்மாவுக்கு ஊற்றினான். அவள் கோப்பையைத் தொடவே இல்லை.

அறைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அருமை. தம்பி, நேத்து நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. சொல்லப்போனா உங்க புண்ணியத்துலதான் இது வந்தது. நீங்களும் ஒரு வாய்..." என்று கோப்பையை நீட்டியவர், ஏதோ நினைவு வந்ததுபோல் கையை இழுத்துக்கொண்டார். "அட, உங்களுக்குத்தான் ஆகாதே. சட்டம்னா சட்டம்தான்."

மடிப்பு குனிந்து, வாளியிலிருந்து மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தான். அவர் கோப்பையில் ஒயின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு வெளியே விழாமல், மறுபடி நிரப்பினான்.