அஞ்சு ஸ்டாரும் ஒரு ஹெல்மெட்டும்

பட்டாபிராமில் காலை ஏழே முக்காலுக்கு எடுக்கும் ரயிலில், முன்னாலிருந்து நான்காவது பெட்டியில், என்னைக் கேட்காமல் எவனும் ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். டிவியா, ஹீட்டரா, போனா, எதுவானாலும் "கிருபாகரனைக் கேட்டியா?" என்பார்கள். ஆபீசில் என்னை டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் இந்த ஒரு மணி நேர மரியாதை எனக்கு ரொம்ப முக்கியம்.

அதற்கு வேட்டு வைத்தவன் தேவா. கோவில்பட்டிக்காரன், ஐ.டி. வேலை, புது ஃப்ளாட். எதைக் கேட்டாலும் போனில் இருக்கும் ஏ.ஐ.யிடம் கேட்டு, அது சொல்வதைச் சத்தமாக ஓட விடுவான். பெண் குரல். செய்தி வாசிப்பதுபோலச் சுத்தமாகப் பேசும். நான் பேசும்போது வடை தின்றுகொண்டே கேட்டவர்கள், அது பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு எரியாதா?

போன திங்கட்கிழமை, அடுத்த ஸ்டேஷனில் அப்துல் ரசாக் பாய் ஏறினார். பாரிமுனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"கிருபா, நம்ம பொண்ணுக்குத் திருமழிசை எஸ்டேட்ல வேலை கெடச்சிகீது. ரெண்டு பஸ் மாறிகினு போவணும், வர்றதுக்குள்ள இருட்டிபூடுது. கரண்ட் ஸ்கூட்டர் ஒண்ணு எட்து குட்த்துடலாம்னு கீறேன். மின்மயில்னு ஒரு வண்டி நல்லா கீதாமே, நீ இன்னா சொல்றே?"

மின்மயில் என்னிடம் இருந்தது. ஒரு சார்ஜில் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும் என்று விற்றார்கள். முப்பதில் படுத்துவிடும். அதையும் சொல்லிவிட்டுப் படுக்காது. பாதி சார்ஜ் காட்டும், அடுத்த நிமிஷம் பூஜ்யம். வெளிவட்டச் சாலையில் நானும் என் மனைவி புஷ்பாவும் அதை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த கதை ரயிலில் யாருக்கும் தெரியாது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லித்தான் தினமும் ஸ்டேஷனுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன்.

"வேணாம் பாய்," என்றேன்.

"ஏன்?"

"சரியில்ல."

"அதான் ஏன்னு கேக்குறேன்?"

ஒரு காரணம் ஜோடிக்கப் பார்த்தேன். அதற்குள் தேவா போனை எடுத்துவிட்டான். "இருங்கண்ணே, இதுட்ட கேப்போம்."

ஆவடி தாண்டும்போது அது பேசியது. "மின்மயில் ஸ்கூட்டரைப் பற்றிப் பயனர்கள் பெரும்பாலும் திருப்தி தெரிவித்துள்ளனர். பட்டாபிராமைச் சேர்ந்த ஒருவர், 'தலைதீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி மேம்பாலத்தில் ஜோராக ஏறுகிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று எழுதி, ஐந்து நட்சத்திரம் அளித்துள்ளார்."

பெட்டியே சிரித்தது. "எவன்டா அவன், இன்னா ஷோக்கா எய்திகீறான்!" என்று ரசாக் பாய் தொடையில் தட்டினார்.

அவன் நான்தான். அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினால் ஹெல்மெட் இலவசம் என்று ஷோரூமில் சொன்னார்கள். வண்டியை இன்னும் ரோட்டில்கூட இறக்கவில்லை. அங்கேயே நின்று எழுதி, போட்டோவும் போட்டேன். பாய் தொடையில் தட்டியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அதெல்லாம் ஹெல்மெட்டுக்காக எழுதுறது பாய், நம்பாதீங்க," என்றேன்.

"ஒரு ஹெல்மெட்டுக்காக எவம்ணே பொய் எழுதுவான்?" என்றான் தேவா. "இது இருநூறு பேரு எழுதுனதப் படிச்சிருக்கு. நீங்க காரணமே சொல்லாம வேணாங்கீங்க."

"உடு நைனா, மெஷின் மேல இன்னாத்துக்குக் காண்டு உனுக்கு?" என்று பாய் என் முதுகில் தட்டிவிட்டு, தேவாவிடமே வண்டியை புக் பண்ணச் சொன்னார். வில்லிவாக்கத்தில் பெண்ணின் பெயரைப் போட்டார்கள். பெரம்பூரில் போன் கலர் கேட்டது. "நீலம். எம்பொண்ணுக்கு நீலம்னா உசுரு," என்றார் பாய்.

ஏழு மணி இருட்டு, லாரிகள், நடுவில் ஒரு பெண் நீல ஸ்கூட்டரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வருகிறாள். இந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றைக்குத் தள்ளும்போது புஷ்பாவுக்குத் திட்டுவதற்காவது நான் இருந்தேன்.

பேசின் பிரிட்ஜில் ரயில் சிக்னலுக்கு நின்றது. தேவாவின் விரல் கடைசி பட்டனுக்குப் போனது.

"அந்த மாப்பிள்ளைய எழுதினவன் நான்தான் பாய்," என்றேன்.

என் போனைத் திறந்து நீட்டினேன். என் பெயர், என் வரிகள், ஹெல்மெட்டோடு இளிக்கிற என் முகம். முப்பது கிலோமீட்டர் கதையையும் தள்ளிய கதையையும் சொல்லி முடித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"ஹெல்மெட்டுக்காகவா?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

அவர் தேவாவிடம் "வேணாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சென்ட்ரலில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அன்றைக்கே அஞ்சு ஸ்டாரை ஒன்றாக்கி, நடந்ததை எழுதிவைத்தேன். ஆனால் மூன்று நாள் பாய் கதவோரமே நின்று வந்தார். என்னிடம் யாரும் ஒரு குண்டூசியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பெட்டியை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வியாழக்கிழமை இறங்கும்போது பாய் என் பக்கம் திரும்பாமலே, "அந்த ஹெல்மெட்ட நாளிக்கு எட்தா," என்றார்.

மறுநாள் பையில் போட்டுக் கொண்டுபோனேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் தலையில் மாட்டி, பட்டையையும் இழுத்துப் பூட்டிக்கொண்டார்.

"எம்பொண்ணுக்கு ஆவும்," என்றார். "இத்துக்கு எத்தினி ஸ்டார் குடுப்பே?"

பெட்டி மொத்தமும் என் வாயைப் பார்த்தது. தேவாகூடப் போனை மடியில் வைத்துவிட்டான்.

"நாலு," என்றேன். "தாடைப் பட்டை கொஞ்சம் கடிக்கும் பாய்."

பாய் பட்டையைக் கழற்றி, தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கடிக்கத்தான் செய்யுது," என்றார். "சரி, தள்ளிக் குந்து. இப்ப சொல்லு, எந்த வண்டி எட்க்கலாம்?"

"நாளைக்குச் சொல்றேன் பாய்," என்றேன். "ஓட்டிப் பாத்துட்டு."