ஈ பதினேழு

விடியற்காலை ஐந்தரைக்கே முதல் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். தோத்தாபுரி மாம்பழங்கள் சிமெண்டுத் தரையில் தடதடவென்று சரிந்தன. இருபத்தாறு பெண்கள் குந்தி உட்கார்ந்து கத்தியால் காம்பு நறுக்கினார்கள். காம்பில் வடியும் பால் பட்டால் தோல் கறுத்து உரியும். கையுறை கேட்டு இரண்டு சீசன் ஆகிவிட்டது. கழுவி, கொட்டை நீக்கி, கூழாகி, டப்பாவில் அடைபட்ட பழம் கடைசியில் குக்கருக்கு வரும். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய இரும்பு உருளை அது. டப்பாக்களை உள்ளே தள்ளிக் கதவை முடுக்கி, நீராவியைத் திறந்துவிடுவார்கள். சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மாங்கூழ் ஃபாக்டரியில் குக்கரை ஓட்டுகிறவள் மஞ்சு. ஐடிஐ படித்தவள், முப்பத்திரண்டு வயது.

போன சீசன் வரை குக்கரின் மேல் ஒரு முள் மீட்டர் இருந்தது. முள் அடியில் போய் நின்றால் உள்ளே ஆவி இல்லை, கதவைத் திறக்கலாம். காம்பு நறுக்குகிற, எழுதப் படிக்கத் தெரியாத செங்கம்மாவுக்கும் அது புரியும். இந்த வருஷம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெங்களூர் கம்பெனி ஒன்றின் கண்ட்ரோல் பெட்டியை மாட்டினார்கள். தொட்டால் நகரும் திரை, எல்லாம் இங்கிலீஷ். மூலையில் சில நேரம் சிவப்பாக ஓர் எழுத்தும் எண்ணும் வரும். இரண்டு தடவை ‘ஈ-17’ என்று வந்தது. கம்பெனி இன்ஜினியர் வந்து, ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு மறு கையால் ஏதோ எண் தட்டினான். சிவப்பு போய்விட்டது.

“ஈ பதினேழுன்னா இன்னா சார்?” என்று மஞ்சு கேட்டாள்.

“அது எங்களுக்கு மட்டும்மா. வெளியே சொல்லக்கூடாதுன்னு அக்ரிமென்ட். வந்தா எனக்கு போன் பண்ணுங்க.”

மூன்றாவது தடவை ஈ-17 வந்தது அன்றைக்குத்தான். விடிந்து சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சு போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. திரையில் அழுத்தம் பூஜ்யம் என்று இருந்தது. கதவுப் பூட்டின் பச்சை விளக்கும் எரிந்தது. பின்னால் லாரிகள் காத்திருந்தன. சூபர்வைசர் கத்தினார். டப்பா இறக்குகிற கன்னிகா, “பச்சைதானே கீது?” என்று கேட்டாள். மஞ்சு தலையாட்டினாள். கன்னிகா கைப்பிடியைத் திருகினாள்.

ஊளையிட்டதுபோல ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி அடித்தது. அதற்குள்ளிருந்து கன்னிகாவின் குரல் வந்தது. மஞ்சு அவளை இழுத்தபோது, பிடித்த இடத்தில் தோல் கையோடு வந்தது.

முதலாளி பூவராகவன் தன் காரிலேயே அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் மதியம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து.

அன்று முதல் மஞ்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்தானே தலையாட்டினேன் என்று ஓயாமல் நினைத்தாள். குக்கரின் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றுதான் ஆகவேண்டும். மாற்று ஆள் இல்லை. அதே பெட்டி சித்தூரைச் சுற்றி இன்னும் ஏழெட்டு ஃபாக்டரிகளில் இருந்தது. அந்த ஆபரேட்டர்கள் சிலரின் எண் அவளிடம் இருந்தது. திரையைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள்: ‘ஈ பதினேழு யாருக்காவது தெரியுமா?’

அன்று சாயங்காலம் முனிகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், வேலூர் ரோட்டில் வேறொரு ஃபாக்டரியில் குக்கர் ஓட்டுகிறவர்.

“மஞ்சு, எனுக்குத் தெரியும். உள்ளே டப்பா வெடிச்சி, அழுத்தம் பார்க்கிற குழாயில கூழ் அடைச்சிக்கினா வரும். அப்போ திரை பொய் சொல்லும். உள்ளே ஆவி இருக்கும். தொறக்கக்கூடாது.”

“எப்போலேர்ந்து தெரியும்ண்ணா?”

“போன சீசன்லேர்ந்து. எங்குளுதுல முன்னாடியே மாட்டிட்டாங்க. ஒவ்வொண்ணா பாத்து நோட்டுல எழுதி வெச்சிக்கினேன். இருபத்திமூணு கீது. கம்பெனிக்காரன் என்னாண்ட கையெழுத்து வாங்கிக்கினான். வெளிய சொன்னா கேஸுன்னான். பொண்ணு கல்யாணம் வெச்சிக்கினு இருந்தேன். பயந்துட்டேன்மா.”

மஞ்சுவுக்கு அவரைத் திட்டவேண்டும்போல இருந்தது. திட்டவில்லை. அதே பயம்தான் தனக்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அனுப்புண்ணா,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள். கன்னிகாவின் இரண்டு கைகளிலும் தோள்வரை கட்டுப்போட்டிருந்தார்கள். கண் மட்டும் அசைந்தது. “பச்சை எரிஞ்சுதுல்ல?” என்று மட்டும் கேட்டாள். “எரிஞ்சுது” என்றாள் மஞ்சு. கன்னிகா கண்ணை மூடிக்கொண்டாள். தன்மேல் தப்பில்லை என்று யாராவது சொல்லக் காத்திருந்தவள்போல இருந்தது.

பக்கத்தில் அவளுடைய தம்பி பிரபாகர் இருந்தான். அலிபிரிப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் சாப்ட்வேர் எழுதுகிறவன். மஞ்சுவின் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பெட்டித் திரையின் கடைசிப் பக்கத்தை எடுத்த படத்தில் பொடி எழுத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தான்.

“அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது முக்கால்வாசி கம்பெனி எழுதுனதே இல்ல. உலகம் பூரா யார் யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு விட்டது. ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. இதை வெச்சு நீ ஒண்ணு செஞ்சு வித்தா, வாங்குனவன் கேக்கும்போது அது எப்படி எழுதியிருக்குன்னு தொறந்து காட்டணும். அவனும் அதைத் திருத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம்.”

“அப்போ கம்பெனியோடது எது?”

“பூட்டுதான்.”

“நாங்க கேட்டா குடுப்பானா?”

“வாங்குனது உங்க ஓனர். அவர் கேக்கணும். கேட்டா குடுத்தே ஆகணும்.”

திரும்பும் பஸ்ஸில் மஞ்சு முனிகிருஷ்ணன் படம் பிடித்து அனுப்பியிருந்த நோட்டுத் தாள்களைத் தமிழில் ஒரு பிரதி, தெலுங்கில் ஒரு பிரதி என்று எழுதினாள். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணியது. காணிப்பாக்கம் ரோட்டில் போலீஸ் ஜீப் ஒன்று முந்திக்கொண்டு போனபோது தாளை மடித்து முந்தானைக்குள் திணித்தாள். அப்புறம் தன்மேலேயே வெட்கப்பட்டு மறுபடி எடுத்தாள். அன்றைக்கே எல்லா ஆபரேட்டர்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அந்தத் தாளைக் குக்கர் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். பத்து நிமிஷத்தில் பூவராகவன் வந்து நின்றார்.

“யார் ஒட்டுனது?”

“நான்தான் சார்.”

“இது கம்பெனி ரகசியம். திருட்டு கேஸ் போடுவாங்க, தெரியுமா? முதல்ல போனைக் குடு.”

மஞ்சு போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். “குடுக்க மாட்டேன் சார். முள் மீட்டரைத் திரும்ப மாட்டுங்க. இந்தத் தாள் சுவத்துலயே இருக்கட்டும். பலகையில கீற தாளைக் கிழிங்க. கம்பெனிக்கு லெட்டர் எழுதி, உள்ளே இன்னா கீதுன்னு கேளுங்க. கேக்கிற உரிமை உங்களுக்குத்தான் கீது.”

“லெட்டர் எழுதினா சீசன் நடுவுல சர்வீஸை நிறுத்திடுவான். பெட்டியை அங்கேர்ந்தே ஆஃப் பண்ணுவான். இத்தனை பழமும் அழுகும். அப்புறம் உங்களுக்கு வேலை எங்கே?”

“அப்போ உங்களுக்கும் பயம்தான்,” என்றாள் செங்கம்மா. அவள் காம்பு நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருந்தாள். “எங்களுக்கும் பயம்தான் சார். அந்தக் கதவாண்ட போய் நிக்கிறது நாங்க.”

“நீ உட்காரும்மா. உனக்குப் படிக்கவே தெரியாது.”

“முள்ளைப் படிச்சேன் சார். அதைத்தான் கழட்டிட்டீங்க.”

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தரையில் பழம் சரிந்து கிடந்தது. சூபர்வைசர் ஏதோ அதட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பூவராகவன் வெளி ஆளை வைத்து ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் வாசல் கேட் பக்கம் சத்தம். முனிகிருஷ்ணன் வந்திருந்தார், அவர் ஃபாக்டரி ஆட்கள் ஐந்து பேரோடு. வாட்ச்மேன் தடுத்தும் நிற்கவில்லை. நேராகச் சுவரிடம் போய், சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து, தாளின் அடியில் தன் முழுப் பெயரையும் ஃபாக்டரி பெயரையும் எழுதினார்.

“எழுதுனது நான் சார். அந்தப் பொண்ணு இல்ல. மத்த ஃபாக்டரி ஆளுங்களும் அவங்க பெட்டியாண்ட ஒட்டிக்கினு இருக்காங்க. இனிமே இதை யாராலயும் திரும்ப வாங்க முடியாது.”

பூவராகவன் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். ஆபீஸுக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உள்ளே போனைக் காதில் வைத்தது தெரிந்தது. போலீஸுக்கா கம்பெனிக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. தாள் மட்டும் சுவரில் இருந்தது. அறிவிப்புப் பலகையில் கன்னிகாவின் பெயரைக் கெடுத்த அந்தத் தாளும் அப்படியே இருந்தது. முள் மீட்டர் வரவில்லை.

குக்கர் ஆறிக் கிடந்தது. பெண்களும் வந்த ஆட்களும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். செங்கம்மா மஞ்சுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சும்மா ஏன் குந்திக்கினு இருக்கணும்?” என்றாள் செங்கம்மா. “ஒண்ணாவதுலேர்ந்து படி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

மஞ்சு எழுந்து நின்றாள். சுவரில் இருந்த தாளைப் பார்த்துத் தொடங்கினாள்.

“ஈ ஒண்ணு. தண்ணி கொறைஞ்சிருக்கு. ஆவியை நிறுத்து.”

முப்பதுக்கும் மேற்பட்ட குரல்கள், பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும், அதைத் திருப்பிச் சொல்லின.