பொறு என்றானா, போடு என்றானா

மேலாளரின் அறையில் அன்று இருந்தவர்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வராதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோல் பேசித் திரிகிறார்கள். இரும்புக் கிடங்கின் மேலாளர், விசாரணைக்கு வந்த அதிகாரி, கிடங்கில் சரக்குப் பொறுப்பில் இருந்த என் மருமகன், கிரேன் ஓட்டும் கூண்டுக்காரர், என் தம்பியின் மனைவி, நான். வேறு யாரும் இல்லை.

தம்பியை அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கிடங்கில் கீழே நின்று இரும்புக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுவது அவன் வேலை. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கட்டைத் தூக்குவதும் இறக்குவதும் கூண்டுக்காரர் வேலை. இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். விரித்த கையைத் தாழ்த்தினால் இறக்கலாம். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். வாய்ச்சொல் செல்லாது; சாடை காட்டாமல் கத்தினால் தப்பு கீழே நிற்பவன் மேல்தான் என்பது கிடங்கின் விதி. ஆனால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் குரல் பெரிது. ஆலயத்தில் தம்பி பாட்டெடுத்தால் ஒலிபெருக்கி தேவைப்படாது. "அண்ணன் ரகசியம் சொன்னா அடுத்த தெரு பதில் சொல்லும்" என்று கிடங்கில் அவனைக் கேலி செய்வார்களாம். அந்தக் குரலை நம்பித்தான் அவன் அன்றும் கத்தியிருக்கிறான். கட்டு அவன்மேல் இறங்கிவிட்டது.

'போடு' என்று காதில் விழுந்ததால் இறக்கினேன் என்றார் கூண்டுக்காரர். சின்ன மாமா முஷ்டியை உயர்த்தியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார் என் மருமகன். மருமகன் சொல் நின்றால் கூண்டுக்காரருக்கு வேலை போகும், சிறையும் உண்டு.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை, தம்பி மனைவி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், நாளைக்கு நான் பேசணும்."

"பேசறதுக்கு மாப்பிள்ளை இருக்காரு."

"அவர் சொல்றது நடக்கல அத்தான். ஆஸ்பத்திரியில உங்க தம்பியே சொன்னாரு. ரெண்டு கையாலயும் சங்கிலியைப் புடிச்சிருந்தாராம். கையைத் தூக்கவே இல்ல. 'பொறு'ன்னு கத்தினாராம். கூண்டுக்காரனுக்குப் 'போடு'ன்னு கேட்டிருக்கும், அவன் மேல தப்பில்லைன்னு சொல்லிடுன்னாரு."

"வலியில ஆயிரம் சொல்லியிருப்பான்."

"வலியில பொய் சொல்ற ஆளா அவரு?"

அவன் அப்படிப்பட்டவன் அல்ல. ஆனாலும் நான் விடவில்லை.

"தன் சாவுக்குத் தானே காரணம்னு அவனைப் பேசுவாங்க. மாப்பிள்ளை பொய்ச்சாட்சின்னு ஆகும். நம்ம வீட்டுல ரெண்டு தலை உருளும். யோசிச்சியா?"

"இத்தனை நாளா எனக்கு வேற என்ன வேலை? கூண்டுக்காரர் தலையும் ஒரு வீட்டுத் தலைதானே, அத்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பேசு என்றோ பேசாதே என்றோ நான் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி வரும்வரை மேலாளரின் அறையில் காத்திருந்தோம். கூண்டுக்காரர் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு தலை குனிந்து நின்றார். "என்னப்பா, இந்தக் கூண்டை விட்டா அடுத்தது கோர்ட்டுக் கூண்டுதானே" என்றார் மருமகன். மேலாளர் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதிகாரி வந்து கேட்டதும் தம்பி மனைவி எழுந்து, கணவன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது உங்க வீட்டுக்காரர் மேலதான் திரும்பும்."

"தெரியும் சார்."

"சின்ன அத்தைக்கு மனசு சரியில்ல சார்" என்ற மருமகன் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்களே சொல்லுங்க."

அதிகாரியும் என்னைப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம். என் தகப்பனார் எனக்குச் சொன்னது. தம்பிக்கு நான் சொன்னது. என் மகளைக் கட்டியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நேத்தே எங்கிட்ட இதைச் சொன்னா. அவ பொய் சொல்லி எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல."

அதற்குப் பிறகு மருமகனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வாசலில் கூண்டுக்காரர் அவள் காலில் விழப்போனார். அவள் பின்வாங்கினாள்.

"வேணாங்க. தப்பாக் கேட்டது நீங்க மட்டுமா? சாப்பிடும்போது 'பொறு'ம்பாரு. நானும் 'போடு'ன்னு நெனச்சு இன்னொரு கரண்டி போட்டுடுவேன். காதை எங்க அடகு வெச்சேன்னு திட்டுவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. கூண்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

கூண்டுக்காரர் வேலையில் இருக்கிறார். மருமகனுக்கு வேலை போயிற்று. என் மகள் இப்போது எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை, பேரப்பிள்ளைகளையும் அனுப்புவதில்லை. தம்பி கவனக்குறைவால் செத்தான் என்று கிடங்கில் எழுதி வைத்துவிட்டார்கள். ஆலயத்தில் பாட்டெடுக்க இப்போது வேறொருவர் நிற்கிறார். கடைசி வரிசைக்கு அவர் குரல் எட்டுவதில்லை. தம்பி மனைவி அந்தக் கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள்.

கூண்டுக்காரரிடம் ஏதோ வாங்கிக்கொண்டுதான் அவள் அப்படிச் சாட்சி சொன்னாள் என்று ஆலய வாசலில் ஒரு பேச்சு நடக்கிறது. அவள் எதையும் வாங்கவில்லை.