ஸுஹறா வீட்டுக் கிணறு

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ மகள்" என்று ஸுஹறா சொன்னபோது பிரேமினி அதே நீலப் பிளாஸ்டிக் கதிரையில்தான் இருந்தாள். போன தவணையும் இந்தத் தகரக் கொட்டிலின் முன்னால் ராணி மாதிரி இதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சண்டைக் காலத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டு, புத்தளத்திலிருந்து இருபது வருசம் கழித்துத் திரும்பி வந்த சனத்தின் கிணறுகளில் எதைக் குடிக்கலாம் என்று பார்ப்பதுதான் உயர்தர வகுப்பின் ஆய்வு. யோசனை பிரேமினியுடையது. "தண்ணியை நீங்களே கிணத்தில அள்ளோணும்" என்று கனகரத்தினம் சேர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளைச் சப்பாத்தில் சேறு படுமே என்ற கவலை வேறு. இருந்த இடத்திலிருந்தே போத்தலை நீட்டினாள். ஸுஹறா உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். வீடு தேடி வந்த பிள்ளைக்கு உவர்த் தண்ணீரையா கொடுப்பாள்? தண்ணீர் வண்டியான பவுசரில் வந்து குடத்தில் மூடி வைத்திருந்ததைத்தான் கொடுத்தாள். கிணறு பின்வளவில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை என்பதைப் பிரேமினி கண்டாள். கண்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆய்வுக்கு மாவட்டத்தில் முதலிடம் கிடைத்தது. அடுத்த கிழமை மாகாணப் போட்டி. அதற்குப் படம் எடுக்கத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

ஸுஹறா கிளாசை நீட்டினாள். பால் திரைந்து மேலே மிதந்தது.

"குறை நினைக்காதீங்கோ. பவுசர் இப்ப வாறேல்ல. எங்கட கிணறு நல்லதெண்டு ஆரோ எழுதிக் குடுத்திட்டாங்களாம். சின்னவள் தண்ணி குடிக்கமாட்டனெண்டு அழுறாள்."

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியாது. அதுதான் பிரேமினியைத் தின்றது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது. மேடையும் கைதட்டலும் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயின. உப்புக் கரித்த தேத்தண்ணியை ஒரு மிச்சமும் வைக்காமல் குடித்தாள். பிறகு பையிலிருந்த தன் குடிதண்ணீரைச் சின்னவளின் கோப்பையில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலோடு எழுந்தாள்.

"வாளி எங்க அன்ரி?"

"நீங்க ஏன் மகள்? இருங்கோ, நான் அள்ளித் தாறன்."

"இல்லை, நான்தான் அள்ளோணும்."

கிணற்றடிச் சேற்றில் சப்பாத்து புதைந்தது. ஸுஹறா பின்னாலேயே வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், கயிற்றை விட்டபடி பிரேமினி கிணற்றுக்குள் பார்த்துச் சொன்னாள்:

"எழுதிக் குடுத்தது நான்தான் அன்ரி."

வாளி கனத்து மேலே வந்தது.