ஜன்னலில் இளித்த எலும்புப் பேய்

கிதியோன் எலும்பில் செதுக்கி விற்கும் துபிலாக் பொம்மைகளைப் பார்த்துச் சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்கள் நடுங்குவார்கள். பகையாளியைக் கொல்ல அந்தக் காலத்தில் ஏவிய பேய்களின் உருவங்கள் அவை. "அதெல்லாம் சும்மாங்க" என்று சிரித்தபடியே பொட்டலம் கட்டிக் கொடுப்பான். கிழக்குக் கிரீன்லாந்தின் அந்தச் சிற்றூர் தேவாலயத்தில் வேதம் வாசிக்கிறவன் வேறெப்படிப் பேசுவான்?

அந்தச் சிரிப்பெல்லாம் கரடி விவகாரம் வரைக்கும்தான். அங்கே கரடியை யார் சுட்டாலும் தோல், அதை முதலில் கண்டவனுக்கு. மனைவியின் அண்ணன் சாலோ கைநீட்டிக் காட்டிய பிறகுதான் கிதியோன் பார்த்தான். ஆனாலும் "நான்தான் முதல்ல பாத்தேன்" என்று அடித்துப் பேசினான். ஊர் நம்பவில்லை; தோல் சாலோவுக்கே போனது. மாட்டிக்கொண்ட பொய்யனுக்கு வரும் கோபம் பொல்லாதது. சீல் பிராணியின் எலும்பு, நாய்முடி, சாலோவின் கையுறையில் பிய்த்த நூல் எல்லாம் சேர்த்து, மந்திரவாதியாக இருந்த முப்பாட்டனின் வார்த்தைகளை முணுமுணுத்து, அசல் துபிலாக் ஒன்றைச் செய்தான். கடலில் விட்டுச் சாலோவின் மேல் ஏவவேண்டியதுதான் பாக்கி.

மனைவி காரலினா முந்திக்கொண்டாள். அண்ணனும் புருஷனும் சமாதானமாகட்டும் என்று அதையே சாலோவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாள்.

"எதைக் குடுத்த?"

"அந்த நூல் சுத்துன பொம்மையத்தான். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஜன்னல்ல வச்சிருக்கு."

கிதியோனுக்குப் பழைய நம்பிக்கை ஒன்று நினைவு வந்தது. எதிராளி பலசாலியென்றால் பேய் திரும்பிவந்து ஏவியவனையே தின்றுவிடும். சாலோ நாளுக்கு நாள் பளபளத்தான். இவனுக்குச் சூப்கூட இறங்கவில்லை. தப்பிக்க ஒரே வழி, ஊரறிய ஒப்புக்கொள்வது; எதையும் மறைக்காமல் சொன்னால் பேயின் பலம் போய்விடும்.

சாலோ மகளின் பிறந்தநாளுக்கு ஊரே காப்பி குடிக்க வந்திருந்தது. கிதியோன் கேக் தட்டோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். எல்லாவற்றையும் என்றால், பேயைப் பற்றி மட்டும். சொல்லச் சொல்ல வயிறு லேசானது.

"என்னைக் கொல்லவா மாப்பிள்ள?"

"ஆமா மச்சான்."

சாலோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப கரடிய நீ நெசமாவே முதல்ல பாத்திருக்க. பொய்க்காக எவனும் இவ்வளவு மெனக்கெட மாட்டான். நான்தான் உனக்கு அநியாயம் பண்ணிட்டேன்."

உள்ளே போய்க் கரடித்தோலைக் கொண்டுவந்து கிதியோனின் தோளில் போர்த்தினான். காரலினா அழுதாள். "பொம்மை இங்கயே இருக்கட்டும். உன் கையால செஞ்சதாச்சே" என்றான் சாலோ.

தோல் நல்ல கனம். பாதி வழியில் கிதியோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். சாலோவின் ஜன்னலில் அது இளித்துக்கொண்டிருந்தது.

"கேக் ஒத்துக்கலையா?" என்றாள் காரலினா.

"ஆமா, கேக்குதான்" என்றான்.