குணசுந்தரி ரிஜெக்ட் செய்த தட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கச்சேரியில் நான் தூங்கிவிட்டேன். 2006, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் ஆண்டுவிழா. மத்தியானம் பிரியாணியும் போட்டு, அதற்குமேல் ஜாஸ் ஃப்யூஷனும் போட்டால் மனுஷன் என்ன செய்வான்? என்னை எழுப்பியது பின்வரிசைப் பெண்குரல் ஒன்று: "ரிஜெக்ட்டு!"

ஆகவே அதற்கு முன் நடந்ததெல்லாம் என் கற்பனைச் சரக்கு. பின்னால் நடந்தது கண்ணால் கண்டது. (பெரும்பாலும்.)

2

'சாக்ஸபோனின் சோகம் மாலைக் காற்றில் மெல்ல...'

வேண்டாம். மணி மூன்று, ஷாமியானாவுக்குள் காற்றே இல்லை.

மறுபடி. ஆரம்பாக்கத்துக் குணசுந்தரிக்கு வேலை, பிரேக் டிரம் வார்ப்புகளைச் சின்னச் சுத்தியால் தட்டிக் கேட்பது. 'ணங்' என்றால் பாஸ். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ரிஜெக்ட். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலை மறுநாள் காலை ஒட்டுகிறார்கள். அதில் தன் பெயர் வர வேண்டுமென்று எல்லா சாமியையும் கும்பிட்டாயிற்று.

3

மேடையில் சாக்ஸபோன், பேஸ் கிட்டார், கடம், டிரம்ஸ். முதல் பத்து நிமிஷம் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை; ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அப்புறம் கடமும் டிரம்ஸும் ஒன்றையொன்று சீண்ட ஆரம்பித்தன. அவள் கால் தானாகத் தாளம் போட்டது. பிறகு சிரிப்பு வந்தது, அடக்கவே முடியாத சிரிப்பு. இந்தத் தட்டு தட்டுகிறார்கள், பாஸா ரிஜெக்ட்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லையே!

அந்தக் குஷியில் டிரம்மர் தன் இடப்பக்கத்து வெண்கலத் தட்டை, சிம்பல் என்பார்களே அதை, ஓங்கி அடித்தார். அவள் காது வேலைக்குப் போய்விட்டது. வாயும் கூடவே போனது: "ரிஜெக்ட்டு!"

4

வாசிப்பு நின்றது. அறுநூறு தலைகள் திரும்பின. சூப்பர்வைசர் தானியேல் ஓடிவந்தார்.

"இன்னாமா நீ? எம்.டி. குந்திக்கினு கீறாரு, கூவிக்கினு கீற? நாளைக்கு லிஸ்ட்டு, ஞாபகம் கீதா?"

"கீது சார். ஆனா அந்தத் தட்டு விரிசல் உட்டுக்கினு கீது சார். ஓரத்துல."

டிரம்மர் தட்டைக் கழற்றி நீட்டினார். "அக்கா, இது என் உசுரு. நீங்களே வந்து தட்டிப் பாருங்க."

அவள் மேடையேறினாள், கையில் சுத்தியோடு. (நிஜத்தில் டிரம்மர் குச்சிதான் கொடுத்தார். எனக்குச் சுத்தி பிடித்திருக்கிறது.)

5

முடிவு ஒன்று: 'ணங்'. ஊர் சிரிக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை.

முடிவு இரண்டு: 'டொக்'. டிரம்மர் அழுகிறார், எம்.டி. எழுந்து...

முடிவு மூன்று: விரிசல் இருப்பது டிரம்மருக்கு முன்பே தெரியும், அந்த ஓசைக்காகவே அவர்... ச்சே, ரொம்பப் புத்திசாலித்தனம். அடித்துவிட்டேன்.

நிஜமாக என்ன ஆனது என்கிறீர்களா? நான் நாலேகால் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டேன். திட்டுங்கள்.

ஆனால் கேட்டில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கையை ஓங்கி நிற்கிறாள். ஆறு வருடமாக அவள் தட்டுவதைக் கேட்க ஒருத்தரும் வாயை மூடியதில்லை. இப்போது எம்.டி. உட்பட அறுநூறு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. பட்டியலை மறந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய கை இன்னும் அப்படியே இருக்கிறது, பாவம், வலிக்கும். நீங்களே தட்டிவிடுங்கள். ஓரத்தில், மெதுவாக.